பழைய ஸ்கூபா சிலிண்டர்: பெயின்ட்டைப் பார்க்காதீங்க, கழுத்தைப் படிங்க!

“பழசுதான், ஆனா சூப்பர் கண்டிஷன். புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு.” செகண்ட் ஹேண்ட் டைவிங் சாமான் விற்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற வசனம் இது. புது சிலிண்டர் விலையில் பாதிகூட இருக்காது. கடலுக்கடியில் போகும் ஆசை வந்த புதிதில், இதைவிட நல்ல டீல் கிடைக்காது என்றுதான் தோன்றும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 32 பிஎஸ்ஐ. பரவலாகப் புழங்கும் அலுமினிய ஸ்கூபா சிலிண்டரில் அடைக்கப்படுவது 3000 பிஎஸ்ஐ. தொண்ணூறு மடங்குக்கும் மேல்! அதைத் தாங்கி நிற்பது அந்த உலோகச் சுவர் மட்டும்தான். சுவரின் தரத்தைப் பெயின்ட் சொல்லாது. கழுத்துக்குக் கீழே சரியும் தோள் பகுதியில் குத்தியிருக்கும் எழுத்துகளும் எண்களும்தான் சொல்லும். சிலிண்டரின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவ ரிப்போர்ட் இரண்டுமே அங்கேதான் இருக்கின்றன.

எழுத்துகள் என்ன சொல்கின்றன?

பழைய சந்தையில் அதிகம் சுற்றுவது அமெரிக்கத் தயாரிப்புகள். அவற்றில் முதலில் வருவது ‘டிஓடி’. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம். அதற்குப் பதில் ‘ஐசிசி’ என்று இருந்தால், அது ஏறத்தாழ 1970-க்கு முந்தைய சிலிண்டர். இந்தப் பொறுப்பு அப்போது மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையத்திடம் இருந்தது. ‘சிடிசி’, ‘டிசி’ என்றால் கனடா.

அடுத்து வருவது உலோகத்தின் பெயர். ‘3ஏ’ என்றால் சாதாரண கார்பன் ஸ்டீல் வகை. ‘3ஏஏ’ என்றால் குரோமியம், மாலிப்டினம் சேர்த்த வலுவான ஸ்டீல். ‘3ஏஎல்’ என்றால் அலுமினியம். அதை ஒட்டி வரும் எண், வேலை அழுத்தம். ஆக, ‘டிஓடி 3ஏஎல் 3000’ என்றால் அமெரிக்க விதிப்படி செய்த, 3000 பிஎஸ்ஐ வரை நிரப்பக்கூடிய அலுமினிய சிலிண்டர். அவ்வளவுதான். பிறகு வரிசை எண், தயாரிப்பாளர் பெயர் அல்லது குறி.

ஐரோப்பிய சிலிண்டரில் மொழி கொஞ்சம் மாறும். அழுத்தம் ‘பார்’ அளவில் இருக்கும்: 232 அல்லது 300. கொள்ளளவு லிட்டரில், காலி எடை கிலோவில் இருக்கும்.

தேதியை எப்படிப் படிப்பது?

மாதமும் வருடமும் இருக்கும், நடுவில் சோதித்தவரின் குறி இருக்கும். இருப்பதிலேயே பழைய தேதிதான் சிலிண்டரின் பிறந்த நாள். பிந்தைய தேதிகள் எல்லாம் மறுசோதனைகள். அமெரிக்காவில் இப்போது சோதனை நிலையத்துக்கு நான்கு எழுத்து-எண் கொண்ட குறியீடு உண்டு. அதைச் சதுரமாகக் குத்துவார்கள். மேல் இடதில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் படிக்க வேண்டும்.

அமெரிக்க விதிப்படி ஸ்கூபா சிலிண்டருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. வேலை அழுத்தத்தைப் போல மூன்றில் ஐந்து பங்கு ஏற்றுவார்கள். அதாவது 3000 என்றால் 5000 பிஎஸ்ஐ. சிலிண்டர் கொஞ்சம் விரியும், அழுத்தத்தை இறக்கியதும் சுருங்க வேண்டும். மொத்த விரிவில் 10 சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் சிலிண்டர் ஃபெயில். இது தவிர, உள்ளே விளக்கு விட்டுப் பார்க்கும் சோதனையை ஆண்டுதோறும் செய்வது டைவிங் கடைகளின் வழக்கம்.

பழைய ஸ்டீல் சிலிண்டரில் தேதிக்குப் பக்கத்தில் ‘+’ குறி இருக்கலாம். குறித்த அழுத்தத்தைவிட 10 சதவீதம் கூடுதலாக நிரப்பலாம் என்று அர்த்தம். ‘ஸ்டீல் 72’ என்று புகழ்பெற்ற 2250 பிஎஸ்ஐ சிலிண்டருக்கு ‘+’ இருந்தால் 2475. கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ‘+’ இல்லையென்றால் அந்தச் சலுகையும் இல்லை. பிறந்தபோது இருந்த ‘+’ இன்றைக்குச் செல்லாது.

எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

1970, 80-களின் அலுமினியம். அப்போது பல சிலிண்டர்கள் ‘6351’ என்ற கலவையில் செய்யப்பட்டன. இதன் பிரச்சினை கழுத்தில் இருக்கிறது. எத்தனை முறை நிரப்பினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. அழுத்தத்தோடு சும்மா நின்றாலே போதும். வால்வு மாட்டும் மரைப் பகுதியில், உள்பக்கமாக, நூல் அளவு விரிசல் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். வெளியே ஒன்றுமே தெரியாது. இப்படி விரிசல் விட்ட சிலிண்டர்கள் நிரப்பும்போதே வெடித்து, பக்கத்தில் நின்றவர்கள் படுகாயம் அடைந்திருக்கிறார்கள்.

கண்டுபிடிக்க வழி உண்டு. ‘3ஏஎல்’ வருவதற்கு முன் சிறப்பு அனுமதியில் செய்த அலுமினிய சிலிண்டர்களில் ‘எஸ்பி6498’, ‘ஈ6498’ போன்ற எண்கள் இருக்கும். இவை 6351 கலவை. லக்ஸ்ஃபர் நிறுவனம் அமெரிக்காவில் 1988 நடுவில் 6061 கலவைக்கு மாறியது. கேட்டலினா சிலிண்டர்கள் தொடக்கம் முதலே 6061. மற்றபடி 1990-க்கு முந்தைய தேதி இருந்தால் சந்தேகப்படுவதே நல்லது. 6351 சிலிண்டர்களுக்கு நீரழுத்தச் சோதனை மட்டும் போதாது; கழுத்து மரையில் எடி கரன்ட் சோதனையும் வேண்டும் என்பது அமெரிக்க விதி. பல டைவிங் கடைகள் இவற்றை நிரப்பவே மறுக்கின்றன.

ஸ்டீலுக்கு எதிரி துரு. ஈரம் உள்ளே போய்விட்டால் சுவர் அரிக்கும். அதோடு துரு, அடைத்து வைத்த காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பல வருடம் மூலையில் கிடந்த ஸ்டீல் சிலிண்டரில் ‘காற்று இன்னும் ஃபுல்லா இருக்கு’ என்று சொன்னால், அதை வாயில் வைக்கவே கூடாது.

இன்னும் மூன்று விஷயங்கள். குறித்த அழுத்தத்தின் மேல் வரிசையாக ‘எக்ஸ்’ குத்தியிருந்தால், அது தள்ளுபடி செய்யப்பட்ட சிலிண்டர். பேரமே பேச வேண்டாம். இரண்டாவது, அலுமினியத்தைச் சூட்டில் வைத்துப் பெயின்ட் ஏற்றியிருந்தால் ஆபத்து. சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உலோகத்தின் வலு போய்விடும். மூன்றாவது, மரை. அமெரிக்க முக்கால் இஞ்ச் வால்வும் ஐரோப்பிய எம்25 கழுத்தும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி மாட்டினால் ஓரளவு ஏறி உட்காரும், பிடிக்காது. அழுத்தம் ஏறும்போது வால்வு தோட்டா மாதிரி பறக்கும்.

அப்படியானால் பழசே வேண்டாமா?

அப்படியில்லை. நன்றாகப் பராமரித்த 1960-களின் ஸ்டீல் சிலிண்டர்கள் இன்றும் சோதனையில் பாஸ் ஆகின்றன. வயது மட்டும் குற்றமில்லை. சோதனை இல்லாத வயதுதான் குற்றம்.

இந்தியாவில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே ‘வாயு சிலிண்டர் விதிகள் 2016’ அமலில் இருக்கிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ அமைப்பின் அனுமதி இல்லாத வகையை, வெளிநாட்டு முத்திரை இருக்கிறதே என்பதற்காக நிரப்பிவிட முடியாது. காசு கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

எனவே, விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, தோள் பகுதியின் தெளிவான போட்டோவை. எழுத்துகளைத் தேய்த்து அழித்திருந்தாலோ, பெயின்ட்டால் மூடியிருந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. காற்று அடிக்கும் பையன் “இதை நிரப்ப மாட்டேன் சார்” என்று சொன்னால் கோபப்படவும் வேண்டாம். சிலிண்டர் வெடித்தால், கடலில் இருக்கும் டைவருக்கு முன்னால் அடிபடுவது கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கும் அவர்தான்.