1200 புள்ளி என்றால் எவ்வளவு காசு?

ஆகஸ்ட் 2008-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 'ப்ரெய்ட்' என்ற டவுன்லோடு கேம் வந்தது. விலை 1200 மைக்ரோசாஃப்ட் புள்ளிகள், அதாவது 15 டாலர். அது வருவதற்கு முன்பே கேமர்கள் மத்தியில் ஒரே கூச்சல். டவுன்லோடு கேமுக்கு 10 டாலர் போதாதா, ஐந்தாறு மணி நேரத்தில் முடிகிற கேமுக்கு 15-ஆ என்று!

கூடுதல் 5 டாலருக்குச் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் புள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள்?

80 புள்ளி ஒரு டாலர். ஆனால் எக்ஸ்பாக்ஸ் திரையில் வேண்டிய அளவுக்கு வாங்க முடியாது. 500, 1000, 2000 என்று கட்டுக் கட்டாகத்தான் விற்பனை. கையில் புள்ளியே இல்லாதவர் 1200-க்காக 1500 வாங்க வேண்டும். ஆக, 15 டாலர் கேமுக்குக் கட்டியது 18.75 டாலர்!

மீதி 300 புள்ளி? மலிவு கேம்களின் வழக்கமான விலையே 400. அதனால் மறுபடியும் ஒரு கட்டு. அதுவரை அந்த 3.75 டாலர் கம்பெனிக்கு வாடிக்கையாளர் கொடுத்த வட்டியில்லாக் கடன். சில்லறை இல்லையென்று மிட்டாய் கொடுக்கிற மளிகைக்கடைக்காரர் எவ்வளவோ தேவலை... அதைத் தின்னவாவது முடியும்!

மைக்ரோசாஃப்ட் 2013-ல் புள்ளிகளைக் கைவிட்டு நேரடிப் பணத்துக்கு மாறியது. தந்திரம் மட்டும் சாகவில்லை. ஃபோர்ட்நைட்டின் வி-பக்ஸும் கட்டுக் கணக்கில் விற்கப்பட்டது.

விலை அதிகமென்றால் வாங்காமல் இருந்துவிடலாம். விலையையே மறைக்கிற கடையிடம்தான் சண்டை போட வேண்டும்.