இயற்கையா? ஒத்திகையா?



சில திங்களுக்கு முன்பு ஒரு பொதுக்கூட்டம். பெண்ணுரிமை பற்றி ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு மேடையைவிட்டு இறங்கினேன். கைதட்டிய கரங்களுக்கு நடுவே ஒரு கரம் என் தோளைத் தொட்டது. பழம்பெருந் தொண்டர் அவர்; சிறை கண்டவர்; அவ்வூரில் நம் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டிய கை அவர் கை. ஊரைச் சொல்லேன், பெயரைச் சொல்லேன். விளக்கொளி விழாத மூலைக்கு அழைத்துச் சென்று காதோடு காதாகக் கேட்டார்:

"தம்பி, என் மகள் மாப்பிள்ளையே வேண்டாம் என்கிறாள். கூடப் படித்த பெண்ணோடுதான் வாழ்வேன் என்கிறாள். இயற்கைக்கு மாறாக இருக்கிறதே! இதைக் குணமாக்க நல்ல டாக்டர் யாராவது இருந்தால் சொல்லேன்."

ஒரு மணி நேரம் ஓயாது பேசிய நாக்கு அந்த ஒரு நொடியில் ஒட்டிக்கொண்டது. "பார்க்கலாம் அண்ணே" என்று கூறி வண்டியேறிவிட்டேன். கோழைத்தனம்! அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன். ஞாயிறுதோறும் இவ்விதழை முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை படிப்பவர் அவர்.

இயற்கை! அந்த ஒரு சொல்லைத்தான் இன்று கூண்டிலே ஏற்றப் போகிறேன்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். எனக்குப் பள்ளிக்கூடம் நாடகக் கொட்டகையின் பின்புறம். அங்கே சொல்லக் கேட்ட கதையிலிருந்தே தொடங்குகிறேன். பழைய பாய்ஸ் கம்பெனிகளிலே பெண் வேடம் கட்டியோர் ஆண் பிள்ளைகள். மீசை அரும்பாத சிறுவனுக்குச் சேலை உடுத்தினர், குனியச் சொன்னர், கோணி நடக்கச் சொன்னர், கடைக்கண்ணால் பார்க்கச் சொன்னர். தவறினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். பயின்று மேடையேறியபோது ஊரே மயங்கிற்று. ஔவையாராக நடித்த தி. க. சண்முகத்துக்கு 'ஔவை' என்பது பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது. 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திலே நந்தனாராகத் தோன்றியவரோ கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்!

கேட்கிறேன்: நாணமும் நளினமும் பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவன என்றால், பிரம்படியிலே ஓர் ஆண் பிள்ளைக்கு அவை வந்தது எங்ஙனம்? வீட்டிலே நடப்பதும் அதே ஒத்திகைதானே! "உரக்கச் சிரிக்காதே, ஓடாதே, எதிர்த்துப் பேசாதே" என்று பெண்ணுக்கு. "அழாதே, அடங்காதே, ஆண்பிள்ளையாய் இரு" என்று பையனுக்கு. இருபது ஆண்டு ஒத்திகை பார்த்துவிட்டு, நாடகம் அரங்கேறும் நாளில் "ஆகா, இதுவே இயற்கை!" என்கிறோம்.

ஆனால் அந்தக் கொட்டகையிலே இன்னோர் உண்மையும் உண்டு. அரிதாரம் கலைத்த பிறகு அந்த நடிகனின் நெஞ்சம் யாரை நாடுமோ அவரைத்தான் நாடிற்று. பிரம்பு நடையை மாற்றிற்று, நெஞ்சை மாற்றவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

"நாடகக்காரன் பேச்சு" என்று சிலர் நகைக்கக்கூடும். சரி, அறிஞர் அவைக்கே செல்வோம்.

அமெரிக்காவின் ஆர்வர்டு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எட்வர்டு கிளார்க், 1873-ல் ஒரு நூல் எழுதினார். ஆண்களைப் போலவே பெண்களும் கல்வி பயின்றால் அவர்களுடைய கருப்பை கெடும் என்றார். மூன்றே ஆண்டில், 1876-ல், மேரி புட்னம் ஜாக்கோபி என்ற பெண் மருத்துவர் ஆய்வு நடத்தி மறுப்பு எழுதினார். அதே ஆர்வர்டு அவருக்குப் பரிசளித்தது. பரிசு கிடைத்தது, பழி நீங்கவில்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் மூளை மங்கும் என்ற பேச்சு தொடர்ந்தது. லீட்டா ஹாலிங்வொர்த் என்ற ஆசிரியை, நியூயார்க் நகரில் மணமான பெண்ணுக்கு ஆசிரியப் பணி இல்லை என்று கதவடைக்கப்பட்டவர். அவர் உளவியல் பயின்றார். 23 பெண்களைச் சோதித்தார். 1914-ல் முடிவை வெளியிட்டார். அந்நாட்களில் அறிவோ கைத்திறனோ குன்றியதற்குச் சான்று இல்லை!

அதோடு ஒழிந்ததா? 1970-ல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கேளுங்கள். இங்கே ப்ரோவர்மன் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் மனநல வல்லுநர் 79 பேரிடம் வினாத்தாளை நீட்டினர். சிலரிடம் "நலமான ஆணின் இயல்பு என்ன?" என்றனர், சிலரிடம் "நலமான பெண்ணின் இயல்பு என்ன?" என்றனர், எஞ்சியோரிடம் ஆண், பெண் என்று குறிக்காமல் "நலமான மனிதரின் இயல்பு என்ன?" என்றனர். ஆணுக்குச் சொன்ன விடையும் மனிதருக்குச் சொன்ன விடையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பெண்ணுக்கு மட்டும் வேறு விடை: அடங்கிப் போகிறவள், பிறர் சொல்லுக்கு எளிதில் வளைகிறவள், சிறு துன்பத்துக்கும் கலங்குகிறவள் — அவளே நலமான பெண்! விடையளித்தோரில் பெண் வல்லுநரும் இருந்தனர். அவர்களும் அப்படியே எழுதினர்.

பொருள் புரிகிறதா? அடங்கினால் அவள் முழு மனிதர் அல்லள். நிமிர்ந்தால் அவள் நலமான பெண் அல்லள். முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்ற கதை! சமுதாயம் பார்த்த ஒத்திகைக்கு விஞ்ஞானத்தின் பெயரால் முத்திரை குத்தினர்.

ஒத்திகையை இயற்கை என்று சாதித்தவர்கள், இயற்கையை என்னவென்றனர்? நோய் என்றனர்!

ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் விரும்பும் தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1952-ல் நோய்ப்பட்டியலிலே எழுதிவைத்தது. குணமாக்குகிறோம் என்று மின்சாரம் பாய்ச்சினர். நெஞ்சு மாறவில்லை, நைந்தது. எவலின் ஹூக்கர் என்ற உளவியல் அறிஞர், தன்பாலீர்ப்புள்ள ஆடவர் 30 பேரையும் மற்ற ஆடவர் 30 பேரையும் சோதித்து, பெயரை மறைத்து, விடைகளை வல்லுநர் முன் வைத்தார். "இவற்றுள் எவை தன்பாலீர்ப்புள்ளோருடையவை?" வல்லுநரால் பிரித்தறிய முடியவில்லை! 1957-ல் அவ்வாய்வு அச்சேறியது. போராட்டமும் தொடர்ந்தது. 1973 டிசம்பரில் அதே சங்கம் அப்பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990-ல் நீக்கிற்று. நோய் என்று எழுதிய கையே அடித்துவிட்ட பிறகு, அண்ணே, எந்த டாக்டரைத் தேடுகிறீர்கள்?

"நம் பண்பாட்டுக்கு ஆகாதே" என்பீர்கள். 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று 377-ம் பிரிவை 1860-ல் நம் தலையில் கட்டியது எது? வெள்ளையர் ஆட்சி! வெள்ளையன் போனான், அவன் எழுதிய வரி போகவில்லை. மனமொத்த பெரியவர்களின் உறவைக் குற்றமாக்கிய அவ்வரியின் வலிமையை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் முறித்தது.

இன்னும் அருகே வாருங்கள், மதுரைக்கு வாருங்கள். அங்கிருந்து இரு பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்தனர். காவல்துறை துரத்த, சென்னை உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டனர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? "எனக்கு எல்லாம் தெரியும்" என்று மேசையைத் தட்டவில்லை. இதுபற்றித் தமக்குப் போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7-ல் ஆணையிட்டார்: மருத்துவத்தால் இதை மாற்ற முயல்வது கூடாது! அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே 2022-ல், இத்தகைய 'சிகிச்சை' தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆம் அண்ணே! நீங்கள் தேடும் டாக்டர் கிடைத்தாலும், அவர் செய்வது மருத்துவமன்று, குற்றம்.

நீதிபதி மாணவராகலாம், நாம் ஆகக்கூடாதா? மாநாட்டுப் பந்தலிலே சமத்துவம், வீட்டுக் கூடத்திலே "அடுப்படியைப் பார்" என்றால், அது கொள்கையா, வேடமா? ஊரைத் திருத்தக் கொடி பிடித்தோம். வாசற்படியில் அக்கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே நுழைகிறோமே!

அண்ணே, உங்கள் மகள் ஒத்திகை பார்க்க மறுத்தவள். பொய் வேடத்தோடு ஓர் இளைஞன் வாழ்வையும் கெடுக்க மாட்டேன் என்றவள். அதற்கு நெஞ்சுரம் வேண்டும். சிறைக்கதவு திறந்தபோது உங்களுக்கு இருந்த அதே நெஞ்சுரம்! அதை யாரிடமிருந்து கற்றாள் என்று எண்ணுகிறீர்கள்?

டாக்டரைத் தேடாதீர்கள். இன்று இரவு அவளுக்கு எதிரே அமருங்கள். பேசாதீர்கள்; கேளுங்கள். அடுத்த ஞாயிறு நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அன்று வண்டியேறி ஓடியதற்கு உங்களிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கதவைத் திறப்பவள் அவளாக இருக்கட்டும்!