வணிகர் கதைக்குப் பாயிரம்

புதுவையினின்று கடலூர் செல்லும் சாலையிலுள்ள தவளக்குப்பத்தில், புதுக்கடை திறப்போர் வழங்கும் துண்டறிக்கைகள் பெரும்பாலும் தற்புகழ்ச்சியிலேயே தொடங்குகின்றன. இஃது எமக்கு உடன்பாடன்று.

பின்னாளில் டூப்ளேக்குத் துபாஷியாயிருந்த புதுவை வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-இல் தம் நாட்குறிப்பைத் தொடங்குங்கால், கப்பல்களின் வருகையும் போக்கும், தாம் நேரிற் கண்டவையும் பிறர்வாய்க் கேட்டவையும், நிகழும் புதுமைகளுமே தாம் எழுதப்புகும் பொருள் என்றார். நுதலிய பொருள் இன்னதென முதற்கண்ணே விளங்குகின்றது. கண்டது வேறு, கேட்டது வேறு என்பதும் தெளிவு. இதனினும் நம்பிக்கை தரும் பாயிரம் யாது?

மிகையுரை இன்றேல் எவர் செவிசாய்ப்பர் என்பார் சிலர். கப்பல் வந்ததென்னுஞ் செய்திக்குச் செவிசாயாத வணிகனும் உளனோ! முதல் வேண்டி வங்கியை அணுகும் எம் தோழர், முன்னோர் பெருமையை விடுத்து, சரக்கு யாது, அதனை வாங்குவோரைத் தாம் கண்டதுண்டா என்பதனை முதல் வரியிலேயே எழுதுவாராக.