நகர மறுக்கும் நிமிடங்கள்



ரமளான் மாதத்து அந்தி வேளையில் மதுரை காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலை எண்ணிப் பாருங்கள். நோன்புக் கஞ்சி ஆவி பறக்க வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பேரீச்சம்பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாங்குக்கு இன்னும் பத்தே நிமிடங்கள்தாம். வைகறையிலிருந்து பதின்மூன்று மணி நேரத்தைப் பொறுமையுடன் கடந்து வந்தவருக்கு அந்தப் பத்து நிமிடங்கள் மட்டும் நகர மறுக்கின்றன. பாங்கு ஒலித்தபின் வரும் பத்து நிமிடங்களோ போன இடம் தெரிவதில்லை. கடிகாரம் இரண்டையும் ஒரே அளவாகத்தானே அளந்தது? பின், எங்கே நேர்ந்தது இந்த வேறுபாடு?

கடிகாரத்தின் நேரமும் மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடுதான். இந்தியாவின் பொது நேரம் 1906 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அது 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. மதுரையோ ஏறத்தாழ 78 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடங்கள். எனவே நம் ஊரில் கதிரவன் உச்சியை அடைவது சராசரியாகப் பகல் 12.17 அளவில். பிப்ரவரி நடுவில் அது 12.31 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கே வந்துவிடும். லுஹர் வக்து தொடங்கும் நேரம் ஆண்டு முழுதும் முன்பின்னாக மாறுவது இதனால்தான். ஆக, கதிரவனின் நேரம் ஒன்று. கடிகாரத்தின் நேரம் ஒன்று. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதுவே மனத்தின் நேரம்.

மனம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போது காலத்தைக் கவனிப்பதில்லை. வேறு வேலையின்றிக் காலத்தையே கவனித்திருக்கும்போது ஒவ்வொரு நிமிடத்தையும் அது தனித்தனியே எண்ணுகிறது. எண்ணப்படும் நிமிடம் நீளமானதாகத் தோன்றுகிறது. காத்திருப்பு கனப்பது இப்படித்தான்.

அச்சத்தில் காலம் நின்றுவிடுவது வேறு வகை. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலிலிருந்து காளை சீறி வரும் அந்தச் சில வினாடிகள், திமிலைத் தழுவி நிற்கும் இளைஞனுக்கு நெடும்பொழுதாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆல்ப்ஸ் மலையில் தவறி விழுந்து உயிர் தப்பியவர்களின் அனுபவங்களைத் திரட்டி, ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிட்சர்லாந்து நிலவியல் அறிஞர் 1892ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். விழுந்த நொடிகள் மிக நீண்டன என்பதே அவர்களின் கூற்று.

இது மெய்தானா என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் டேவிட் ஈகிள்மேனும் அவருடைய குழுவினரும் சோதித்தனர். 2007இல் வெளியான அந்த ஆய்வில், 31 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விரித்த வலையில் விழும்படி சிலரை விட்டனர். தாம் விழுந்த நேரத்தை அவர்கள், பிறர் விழுந்ததைவிட 36 விழுக்காடு கூடுதலாக மதிப்பிட்டனர். ஆனால் அவர்கள் கையில் கட்டியிருந்த கருவியில் விரைந்து மாறிய எண்களை, விழும்போதும் அவர்களால் வழக்கத்தைவிட விரைவாகப் படிக்க முடியவில்லை. அதாவது, அந்த நொடியில் பார்வை மெதுவாகிவிடவில்லை. அச்சத்தில் நினைவு மிகச் செறிவாகப் பதிகிறது. பின்னர் திரும்பிப் பார்க்கும்போது அந்தச் செறிவே நீளமாகத் தோற்றமளிக்கிறது என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம்.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றும் உண்டு. 1962ஆம் ஆண்டு மிஷேல் சிஃப்ரே என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரமின்றி, சூரிய ஒளியின்றி, ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் இரண்டு மாதங்கள் தனித்திருந்தார். செப்டம்பர் 14ஆம் நாள் அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே அவர் கணக்கிட்டிருந்தார். இருளிலும் குளிரிலும் கழிந்த நாட்களில் ஏறத்தாழ 25 நாட்கள் அவர் கணக்கிலேயே இல்லை! ஒன்றுபோல் கழியும் நாட்கள் நினைவில் அடையாளமின்றி மறைகின்றன.

சகோதர சகோதரிகளே, இந்தச் செய்தி நம் இல்லங்களுக்கு மிக நெருக்கமானது. வளைகுடா நாட்டில் பணிபுரியும் கணவனுக்காக இரண்டாண்டுகள் காத்திருக்கும் பெண்ணைக் கேளுங்கள். “பொழுது போகவில்லை” என்பார். அடுத்த மூச்சில், “இரண்டு வருஷம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை” என்பார். இரண்டும் உண்மையே. கழியும்போது நீண்ட நாட்கள், கழிந்தபின் சுருங்கிவிட்டன. ஆனால் அந்த இரண்டாண்டுகளும் அவருடைய ஆயுளின் பகுதியல்லவா? வரவுக்காகக் காத்திருக்கும் வெற்றிடமாக அவற்றைக் கழியவிடலாமா? ஒரு தையல் வகுப்பு, பாதியில் விட்ட படிப்பின் தொடர்ச்சி, பிள்ளைகளுடன் ஒரு சிறு பயணம் என ஏதேனும் ஒன்று அந்த நாட்களுக்கு அடையாளம் தரட்டும். அதற்கு வழிவிடுவது மாமியாரின் கடமை, நாத்தனாரின் கடமை, கடல் கடந்திருக்கும் கணவனின் கடமை.

பிறரைக் காக்க வைப்போருக்கும் ஒரு சொல். அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கு, உள்ளே நடப்பதை இடையிடையே எவரேனும் வந்து கூறினால் அவருடைய ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே இருக்கும். எதுவும் தெரியாதபோதுதான் அது ஒரு யுகமாகிறது. வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் பேசுவதாக வாக்களித்த மகன் அரை மணி தாமதித்தால், அவனுக்கு அது அரை மணிதான். திண்ணையில் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் முதிய தந்தைக்கு அது எவ்வளவு நேரம் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். அடுத்த வெள்ளியன்று, சொன்ன நேரத்தில் அழையுங்கள்.