அந்துப் பூச்சிக்கு ஒரு கணக்குப் புத்தகம்!

2022-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி. இங்கிலாந்து வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கோனிங்ஸ்பி என்ற ஊரில் உஷ்ணம் 104 டிகிரியைத் தாண்டியது. வேலூர்க்காரர்களுக்கு இது பழகிய வெயில். ஆனால் குளிர் நாடான பிரிட்டனில் அதற்கு முன் அவ்வளவு உஷ்ணம் பதிவானதே இல்லை.

வெயில் கொளுத்தும் கோடை நாட்களில், அங்கே சிலர் பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்துக்கு ஓடுகிறார்கள். எதற்காக? அந்துப் பூச்சிகளை எண்ணுவதற்காக!

இவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. சாதாரணக் குடும்பத்தினர்தான்.

முட்டை அட்டைக்குள் தூக்கம்

எண்ணுவது எப்படி? மாலையில் ஒரு பெட்டியின் மேல் பளிச்சென்ற விளக்கை வைக்கிறார்கள். பெட்டிக்குள் முட்டை அடுக்கும் அட்டைகளைப் போடுகிறார்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் உள்ளே விழுந்து, அட்டைக் குழிகளில் பதுங்கிக்கொள்ளும்.

நம் நெல் வயல்களில் வைக்கும் விளக்குப் பொறி போன்றதுதான் இதுவும். ஆனால் ஒரு வித்தியாசம். இவர்கள் பூச்சியைக் கொல்வதில்லை. பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு, பறவைகளின் கண்ணில் படாதபடி செடி மறைவில் விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏறினால் பெட்டிக்குள்ளேயே பூச்சிகள் செத்துப்போகும். அதனால்தான் இந்த அவசரம்!

பகலில் பட்டாம்பூச்சிக் கணக்கு. ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்து 15 நிமிடம் எண்ணினால் போதும். குழந்தைகளும் சேர்ந்துகொள்கிறார்கள்.

நிறைந்த பெட்டி சொல்வது உண்மையா?

புழுக்கமான, காற்றில்லாத இரவில் பூச்சிகள் அதிகம் பறக்கும். காலையில் பெட்டி நிறைந்திருக்கும். "பூச்சிக்கு என்ன குறைச்சல்?" என்று தோன்றும்.

ஆனால் ஒருநாள் விற்பனையை வைத்துக் கடையின் லாபத்தைச் சொல்ல முடியுமா? வருஷக் கணக்கையல்லவா பார்க்க வேண்டும்!

ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ம் ஆண்டிலேயே விளக்குப் பொறி வைத்து எண்ணத் தொடங்கினார்கள். பிறகு நாட்டின் பல இடங்களில் பொறிகள் வந்தன. 1968 முதல் 2017 வரையிலான கணக்கைக் கூட்டிப் பார்த்து, 2021-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பெரிய வகை அந்துப் பூச்சிகள் 33 சதவிகிதம் குறைந்துவிட்டன! அதாவது, மூன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான். தெற்கில் 39 சதவிகிதம், வடக்கில் 22 சதவிகிதம் குறைவு.

காரணம் என்ன?

வேலிப் புதர்களும் புல்வெளிகளும் அழிந்தது ஒரு காரணம். பூச்சி மருந்து இன்னொன்று. சாலை விளக்குகளும் குற்றவாளிகளே. விளக்கு வெளிச்சம் விழும் வேலிப் புதர்களில் அந்துப் பூச்சியின் புழுக்கள் 47 சதவிகிதம் குறைவாக இருந்ததாக 2021-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது.

உஷ்ணமோ ஒன்றை வாழ வைக்கிறது, ஒன்றைக் கெடுக்கிறது. 'ஜெர்ஸி புலி' என்ற அழகிய அந்துப் பூச்சி, முன்பு தெற்குக் கரையோரத்தில்தான் இருந்தது. இப்போது லண்டன் தோட்டங்களிலும் பறக்கிறது. ஆனால் கம்பளிப் பூச்சியாய் இருந்து வளரும் 'தோட்டப் புலி' மிகவும் அருகிவிட்டது. குளிர் குறைந்து ஈரம் மிகுந்த குளிர்காலம் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

பூச்சி போனால் போகட்டுமே என்று விட முடியாது. சிட்டுகள் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது இந்தப் புழுக்களைத்தான். வௌவாலுக்கும் இவை இரை. இரவில் மலரும் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவையும் இவையே.

2019-ல் வெளிவந்த அந்துப் பூச்சி வரைபட நூலுக்கு ஆதாரமாக இருந்தவை இரண்டரைக் கோடிக் குறிப்புகள். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தவர்கள் பொதுமக்களே!

களஞ்சியத்தில் எத்தனை மூட்டை இருந்தது என்று தெரிந்தால்தானே, எத்தனை குறைந்தது என்று தெரியும்? காலையில் முட்டை அட்டையைப் புரட்டும் அந்தக் குடும்பங்கள் செய்வது அந்த வேலையைத்தான்.