கடாரம் கொண்டால் மட்டும் போதுமா?

கணினி விளையாட்டொன்றைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தமைக்கு நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் சோழர் அதில் இடம்பெற்றுவிட்ட பின்னும் நாம் வாளாவிருத்தல் எங்ஙனம்? 1991 முதல் வெளிவரும் 'சிவிலைசேஷன்' வரிசையின் ஏழாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்தது. சதுரங்கம் போல் முறை வைத்து ஆடும் ஆட்டம் இது. அறுகோணக் கட்டங்களால் ஆன உலகில் ஊர் அமைத்து, கலை வளர்த்து, படை நடத்திப் பேரரசு காண வேண்டும். முந்தைய பாகங்களில் 'இந்தியா' என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடங்கிக் கிடந்த சோழர், இதில் கடற்பயணக் காலத்துக்குரிய தனி நாகரிகமாக வந்துள்ளனர். தலைவர் வேறு, நாகரிகம் வேறு என்பது இப்பாகத்தின் புதுமை. வெளிவந்தபோது தலைவர் பட்டியலில் இராசேந்திரன் இல்லை. இபின் பதூதாவைக் கொண்டு சோழரை ஆளலாம்! 14ஆம் நூற்றாண்டில் நம் கரையிலேயே வந்திறங்கியவர் என்பதால் அது அவ்வளவு பொருத்தமற்றதும் அன்று.

சோழரைத் தேர்ந்தெடுக்கும் தமிழ் இளைஞர் முதலில் செய்வது என்ன? மாணவர் சிலர் ஆடக் கண்டிருக்கிறோம். கலங்களைக் கட்டிக் குவித்து, எதிர்க்கரையில் முதலில் தென்படும் துறைமுகத்தைக் 'கடாரம்' என்று கருதிப் பாய்வர். ஒளிப்பானேன், நாமும் முதல் ஆட்டத்தில் அதையே செய்தோம். நான்கு ஊர்களை அடுத்தடுத்துக் கொண்டபோது மெய்க்கீர்த்தி எழுதும் மிடுக்கு வந்தது உண்மை. பிறகுதான் வினை தொடங்கியது. இவ்வாட்டத்தில் ஓர் அரசு வைத்துக்கொள்ளும் ஊர்களுக்கு வரம்பு உண்டு. அதை மீறினால் மக்களின் மகிழ்ச்சி குன்றும். மகிழ்ச்சி குன்றிய ஊரில் விளைச்சலும் வருவாயும் குன்றும். போர் தொடுத்த நாட்டோடு வணிகமும் அறுந்துபோகும். வென்ற ஊர்கள் சுமையாயின. சொந்த ஊர்கள் முணுமுணுத்தன. கப்பல்கள் மட்டும் கடலில் கம்பீரமாக நின்றன.

ஆட்டத்தைச் சமைத்தவர்கள் சோழருக்குத் தனிச்சிறப்பாக எவற்றைத் தந்துள்ளனர் என்பதை நாம் அப்போது சரியாகப் படிக்கவில்லை. 'கலம்' என்னும் கப்பல் உண்டு, மெய்தான். ஆனால் அதனினும் கருதத்தக்கவை அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு கட்டடங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுப்பினால் அவ்விடம் 'ஐந்நூற்றுவர்' வளாகமாக மாறும். இப்பெயர்களைக் கண்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கி.பி. 849 தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் வருகின்றன. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விடுகிறது. அங்கே அப்போது எந்தத் தமிழ்ப் படையும் ஊரைப் பிடித்து வைத்திருக்கவில்லை. குளம் மட்டும் தமிழ் வணிகர் பொறுப்பில் இருந்தது.

ஆகவே கடல் நாகரிகத்தை ஆடும் முறை பற்றிய நம் கருத்து இதுதான்: முதலில் துறை, அடுத்து வணிகர், அதன் பின்னரே போர்க்கலம். கடற்பயணக் காலம் தொடங்கியவுடன் ஆழ்கடலில் பாய்தல் அறியாமை. உரிய கப்பல் கட்டும் கலையைக் கற்கும்வரை ஆழ்கடல் ஒவ்வொரு முறையும் கலத்தைச் சிதைக்கும். அந்த இடைவேளையில் கரையோரமாகவே வணிகரை அனுப்பலாம். கடல்வழி வணிகத்தின் எட்டுத்தூரம் தரைவழியினும் நெடியது. பின்னர்த் தொலைநிலங்களில் வாசனைப் பொருளும் சர்க்கரையும் விளையும் இடம் பார்த்து இரண்டு மூன்று ஊர்களை அமைத்தால், அவற்றிலிருந்து செல்வக் கப்பல்கள் புறப்படும். அவற்றைத் தாயகத் துறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அக்காலத்துப் பொருளியல் வெற்றிக்கு வழி. வரும் வழியில் பகைவர் பறிக்கக்கூடுமாதலால் போர்க்கலங்களுக்கு அங்கேதான் உண்மையான வேலை. துணைக்கு வருவதற்கென்றே கலம். ஊர் பிடிப்பது அதற்கு இரண்டாம்பட்சம்.

"1025இல் இராசேந்திரன் படை அனுப்பவில்லையா? வணிகத்தைப் பெரிதாக்கி வீரத்தைச் சிறுமைப்படுத்துகிறீர்களே" என்று மாணவர் ஒருவர் நம்மிடம் சினந்தார். அனுப்பினான், மறுப்பாரில்லை. ஆனால் ஸ்ரீவிஜயத்து ஊர்களைச் சோழ மண்டலங்களாக்கி அதிகாரிகளை அமர்த்தி நெடுங்காலம் ஆண்டதற்குச் சான்று காணோம். படையெடுப்புக்கு 63 ஆண்டுகள் கழித்து, 1088இல், சுமத்ராவின் பாருசில் தமிழ்க் கல்வெட்டு வெட்டியவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரே. சீனத்துச் சோங் அரசவைக்குச் சோழத் தூது 1015இலேயே சென்றது, படைக்குப் பத்தாண்டு முன்னதாக. வணிகம் முன்னும் பின்னும் நிற்க, போர் இடையில் ஒருமுறை நிகழ்கிறது. நம் வரலாற்றுப் புதினங்களும் மேடைகளும் அந்த இடைப்பகுதியை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கிவிட்டன. அப்பழக்கமே விளையாட்டிலும் நம் கையைப் பிடித்து இழுக்கிறது என்று ஐயுறுகிறோம்.

ஆட்டத்தின் மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. அதில் காற்று இல்லை! எம்மாதமும் எத்திசையும் ஒரே விரைவில் கலம் செல்கிறது. பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் அயல் துறையில் காத்துக் கிடந்ததனால்தானே வணிகர் அங்கே குடியமைத்தனர், கோயில் எடுத்தனர், கல்வெட்டும் வெட்டினர்? காற்று இல்லாத கடலில் ஐந்நூற்றுவர் எதற்காகத் தங்குவர்? இதை ஒரு விதியாகச் சேர்த்தால் ஆட்டம் இன்னும் கடினமாகும். சோழரை ஆடுவோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க நேரும்.

சினந்த அம்மாணவர் சென்ற வாரம் மீண்டும் வந்தார். மூன்றே கலங்களுடன், ஓர் ஊரையும் பிடிக்காமல் கடற்பயணக் காலத்தை முடித்ததாகச் சொன்னார். "சலிப்பாக இருந்தது ஐயா, ஆனால் கருவூலம் நிறைந்துவிட்டது" என்றார்.