பழைய ஆம்னிக்கு ஹெச்.பி. ஏற்ற முடியுமா?

கேள்வி: ‘‘எங்களிடம் 2007-ம் வருடத்து மாருதி ஆம்னி இருக்கிறது. கீரை, கத்திரி, சீசனில் தர்பூசணி எல்லாம் அதில்தான் சந்தைக்குப் போகின்றன. 300 கிலோ ஏற்றினால் ஏரிக்கரை ஏற்றத்தில் திணறி நின்றுவிடுகிறது. பெரிய எஞ்சின் மாற்றச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினாலே ஹெச்.பி. கூடிவிடும் என்கிறார் இன்னொருவர். கையில் இருப்பது 20,000 ரூபாய். என்ன செய்யலாம்?’’
– சிறுசேரி வாசகர்.

பதில்: கிணற்றில் இருக்கும் 5 ஹெச்.பி. மோட்டார் தண்ணீரைக் குறைவாகத் தள்ளினால், மறுநாளே 7.5 ஹெச்.பி. மோட்டார் வாங்க யாரும் ஓடுவதில்லை. புட்வால்வு கசிகிறதா, பைப்பில் காற்று வாங்குகிறதா, இம்பெல்லர் தேய்ந்துவிட்டதா, வோல்டேஜ் ஒழுங்காக வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். காருக்கும் அதே கணக்குதான். ஆனால், காருக்கு முன்னால் நிற்கும்போது நம்மில் பலருக்கு அந்தப் பொறுமை போய்விடுகிறது.

ஆம்னியில் இருப்பது 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். புதிதாக வந்தபோது அதன் திறன் சுமார் 35 ஹெச்.பி. ஏரிக்கரை ஏற உண்மையில் எவ்வளவு தேவை என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், அது ஒரு குதிரைத்திறன். கவலை இறைத்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வண்டியின் எடை சுமார் 800 கிலோ, சரக்கு 300 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ. ஆக மொத்தம் 1,170 கிலோ. கரை எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது என்றும், வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் உயர வேண்டும். அதற்கு 8 ஹெச்.பி. போதும். மண் பாதையின் உராய்வுக்கு இன்னும் இரண்டு சேர்த்தாலும் 10 ஹெச்.பி.தான் வருகிறது.

35 இருக்க வேண்டிய வண்டி, 10 தேவைப்படும் இடத்தில் நிற்கிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பாதிக்கு மேல் எங்கோ ஒழுகிப் போயிருக்கிறது. இல்லையென்றால், இருக்கிற திறன் சக்கரத்துக்குச் சரியான கியரில் போய்ச் சேரவில்லை.

இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம், அதற்குச் செலவே இல்லை. ‘35 ஹெச்.பி. டிராக்டர் டிரெய்லர் நிறைய செங்கல் இழுக்கிறது, 35 ஹெச்.பி. ஆம்னி 300 கிலோவுக்கே மூச்சு வாங்குகிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டிராக்டர் தன் முழுத் திறனை நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டியே கொடுத்துவிடும். ஆம்னி எஞ்சினோ 5,000 சுற்றுக்குப் போனால்தான் 35-ஐத் தொடும். 1,500 சுற்றில் ஓடும்போது அதே எஞ்சின் கொடுப்பது 10 ஹெச்.பி.யை ஒட்டித்தான். அதிலும் கொஞ்சம் கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் போய்விடும். இரண்டாவது கியரிலேயே கரையில் ஏறத் தொடங்கி, எஞ்சின் முனகும்போது முதல் கியருக்கு மாற்றப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதற்குள் வண்டி நின்றுவிடும். கரைக்குக் கீழேயே முதல் கியருக்கு வந்துவிட்டு, எஞ்சினைச் சற்று உரக்கவே ஓடவிட்டு ஏறிப் பாருங்கள். எஞ்சின் கத்தினால் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு நிமிடக் கத்தலைவிட, கீழ்ச் சுற்றில் முனகிக்கொண்டே இழுப்பதுதான் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கெடுதல்.

டயரையும் பாருங்கள். ஆம்னிக்கு கம்பெனி கொடுத்தது 145 ஆர் 12 அளவு. வயல் பாதையில் அடி தட்டுகிறது என்று 13 அங்குல வீலும் பெரிய டயரும் மாட்டியிருக்கிறார்கள் பலர். 155/80 ஆர் 13 மாட்டினால் சக்கரத்தின் குறுக்களவு 6 சதவிகிதத்துக்குமேல் கூடிவிடும். அதே அளவுக்கு இழுவை குறையும். காசு கொடுத்து இரண்டு குதிரைகளை விற்றதுபோல. உங்கள் வண்டியிலும் அப்படி மாற்றியிருந்தால், பழைய அளவுக்கே திரும்புங்கள்.

அடுத்து, ஒழுகும் இடங்கள். ஒருவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் பக்கம் திராட்டில் முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டுபோய் முக்கால்வாசி மட்டும் திறக்கும் வண்டிகள் ஏராளம். பெடலுக்கு அடியில் இருக்கும் தடித்த மேட்கூட முழுவதும் மிதிக்க விடாமல் தடுக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும்.

பிறகு ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். பின்சக்கரங்களுக்கு ஹேண்ட்பிரேக்கையும் எடுத்துவிட வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கல் வைக்க மறக்கக் கூடாது. சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டி, இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் மாட்டு வண்டிதான். கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் வீல் சிலிண்டரும் ஹேண்ட்பிரேக் கேபிளும் துருவேறி இறுகிக்கொள்வது சாதாரணம். சிறுசேரிக்கும் கடல் தூரமில்லை.

ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த நிலையில் எத்தனை ஹெச்.பி. ஏற்றினாலும் அது கிளட்ச் பிளேட்டைக் கருக்கத்தான் பயன்படும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், முன் சீட்டைத் தூக்கி எஞ்சினுக்கு வாருங்கள். ஏர் ஃபில்டர், மூன்று பிளக், பெட்ரோல் ஃபில்டர் ஆகியவற்றை ஒரிஜினலாகவே மாற்றுங்கள். ஒரு மூட்டை டி.ஏ.பி. விலையை ஒட்டி முடிந்துவிடும். திராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைக்கச் சொல்லுங்கள். டேப்பட் இடைவெளியை கம்பெனி சொன்ன அளவுக்கு வைக்க வேண்டும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. முன்பு யாராவது அதை மாற்றியபோது ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால், வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. வருடக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் உண்டு. ‘பழசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்’ என்று அதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கும்.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட். மெக்கானிக்கிடம் மீட்டர் இல்லையென்றால், இருக்கிற இடத்துக்குப் போங்கள். இதைப் பார்க்காமல் எஞ்சினுக்குப் பெரிய செலவு எதையும் தொடங்கக் கூடாது. சூடான எஞ்சினில் மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அந்த பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வு வேலையென்றால் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்துவிடலாம். ரிங் வேலைக்கு எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். உங்கள் 20,000 ரூபாய் அதற்குச் சரியாகவோ, கொஞ்சம் போதாமலோ இருக்கலாம். ஆனால், அது வீண் செலவு அல்ல. மூன்றில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குத் திறன் போனதாகத்தான் அர்த்தம். வேறு எந்த மாற்றமும் அவ்வளவு ஹெச்.பி.யைத் தராது.

சைலன்ஸர் விஷயத்துக்கு வருவோம். அடைத்துப்போன சைலன்ஸர் எஞ்சினின் மூச்சைப் பிடிக்கும் என்பது உண்மை. உள்தகடு துருப்பிடித்து உடைந்து வழியை அடைத்திருக்கலாம், கேட்டலிடிக் கன்வர்ட்டரும் அடைத்திருக்கலாம். அப்படியிருந்தால் ஒரிஜினல் மாதிரியே மாற்றுங்கள். ‘ஃப்ரீ ஃப்ளோ’ சைலன்ஸர், கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் போன்றவை 800 சி.சி. எஞ்சினில் தருவது ஒன்றிரண்டு ஹெச்.பி. இருந்தால் அதிகம். அதுவும் உச்சச் சுற்றில்தான் கிடைக்கும். நீங்கள் ஏரிக்கரை ஏறும் சுற்றில் இல்லை. சத்தம் மட்டும் எல்லாச் சுற்றிலும் கிடைக்கும்.

பெட்ரோலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. கரும்பும் மக்காச்சோளமும் போடுபவர்களுக்கு இதனால் லாபம்தான். ஆனால், 2007-ம் வருடத்து வண்டியின் ரப்பர் ஹோஸ்களும் கேஸ்கெட்டுகளும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மைலேஜும் சற்றுக் குறையத்தான் செய்யும். வண்டியில் கேஸ் கிட் இருந்தால், கேஸில் ஓடும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழுவை குறையும். கரை ஏறும்போது மட்டும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி, பெரிய எஞ்சின். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய எஞ்சின் வரிசையாகக் கிடைக்கும். மாட்டித் தரவும் ஆள் உண்டு. ஆனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே ரக எஞ்சினை மாட்டுவதென்றாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத எஞ்சின் என்றால், அது எந்தத் திருட்டு வண்டியில் இருந்து வந்தது என்ற கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் இது காரணமாகிவிடும். பிரேக்கும் அச்சும் 35 ஹெச்.பி. வண்டிக்கு அளவெடுத்துச் செய்தவை என்பதை ஓ.எம்.ஆர். வேகத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிறிய எஞ்சினை வைத்துப் பெரிய வேலை செய்ய முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1988-ல் வடிவமைத்த ‘பார்முலா மாருதி’ பந்தயக் காரில் இருந்தது மாருதி 800-ன் எஞ்சின்தான். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர் பந்தயத்தில் தொடங்கியதும் அந்த ரகக் காரில்தான். ஒரே ஓர் ஆள் உட்கார இடம், தேவையில்லாத தகடு ஒன்றுகூட இல்லாத உடம்பு. உங்கள் ஆம்னியிலும் பின்சீட், கனத்த கேரியர், எப்போதோ போட்டு மறந்த இரும்புச் சாமான்கள் எல்லாம் இருக்கும். கேரியரையும் சாமான்களையும் இறக்கிவிடுங்கள். 50 கிலோ குறைந்தால், அது ஒரு மூட்டைக் கத்திரிக்காய்க்கான இடம். பின்சீட்டை மட்டும் நிரந்தரமாக எடுத்துவிடாதீர்கள், ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கையும் உண்டு.

பணத்தைக் கொடுக்கும் முன் ஆர்.சி.யின் தேதியையும் பாருங்கள். 15 ஆண்டு முடிந்து 2022-ல் புதுப்பித்திருந்தால், 2027-ல் மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைக் கடந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பசுமை வரி தனி. அடித்தகடு துருவேறி, ஜாக்கி வைக்கும் இடமே நொறுங்கும் நிலையில் இருந்தால், எஞ்சினில் 20,000 ரூபாயைக் கொட்டுவது சரியில்லை. தகடு திடமாக இருந்தால் கம்ப்ரெஷன் டெஸ்டில் இருந்து தொடங்கலாம்.

கேள்வி: ‘‘எங்களுடையது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் ஜீப். ‘சிப்’ வைத்தால் இழுவை கூடும் என்கிறார்களே?’’
– திருக்கழுக்குன்றம் வாசகர்.

பதில்: கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சினில் சிப் வைக்க இடமே இல்லை. டர்போவும் கம்ப்யூட்டரும் உள்ள பிந்தைய டீசல் வண்டிகளில்தான் அது நிஜமாகவே இழுவையைக் கூட்டும், கூடவே கிளட்ச் செலவையும். உங்கள் ஜீப்பில் செய்யக்கூடியது, பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டிவிடுவது. அதைச் செய்ய விடாதீர்கள். கறுப்புப் புகைதான் வரும், புகைச் சான்றிதழ் கிடைக்காது. இன்ஜெக்டர் நாசில்களை டெஸ்ட் பெஞ்சில் கொடுத்துப் பாருங்கள், டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். பழைய ஜீப்பில் இழுவை தொலைவது அநேகமாக அங்கேதான்.